மூன்றாம் குழுவின் அறிக்கை

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கொடுக்கவேண்டும்.
கீழே திருநெல்வேலிச் சந்தை ஒழுங்கையில்
வெங்காய லொறி ஒன்று
பின்வாங்கும்போது போடும் அந்த ஒரே மெட்டோடு
கால் மணித்தியாலமாய்ப் பின்வாங்குகிறது.
நான் தட்டச்சு செய்கிறேன்:
பத்து நாள், இரண்டு நகரம், ஆறு நிறுவனம்,
பங்குபற்றியோர் பதினான்கு பேர்.

கற்றவை.
அங்கே கடைக்காரர் சிரிப்பதில்லை,
சிரிப்பை மிச்சம் பிடித்ததற்காக விலை குறைவதுமில்லை.
பூ கொடுத்தால் ஒற்றைப்படையில் கொடுக்கவேண்டும்.
இரட்டைப்படை செத்தவருக்கு.
இது தெரியாமல் கௌதமி
பன்னிரண்டு ரோஜாவோடு வங்கி முகாமையாளர் அம்மாவிடம் போய் நின்றாள்.
அவர் ஒன்றை உருவி எங்கள் லாரிஸாவிடம் கொடுத்துவிட்டு
பதினொன்றை வாங்கிக்கொண்டார்.
'பண்பாட்டிடைத் தொடர்பாடலில் சிறு இடர்,
உடனடியாக முகாமை செய்யப்பட்டது'
என்று எழுதினேன். புள்ளி விழும்.

தேயிலை பொதிசெய்யும் ஆலையில்
பெட்டிக்குப் பெட்டி கொழுந்து கிள்ளும் பெண் சிரித்தாள்.
அந்தத் தளம் முழுக்கச் சிரித்தது அவள் ஒருத்திதான்.
வெள்ளிப் பிடி போட்ட கண்ணாடியில் தந்த தேநீர்
கம்பஸ் கன்ரீன் பிளேன்ரீக்குக் கிட்டவும் வராது என்றான் டிலக்சன்.
இதை எழுதவில்லை.

எழுதாத இன்னொன்று:

நவகுலசிங்கம் அண்ணை,
சுன்னாகத்தில் இரும்புக்கடை, ஐம்பத்தொரு வயது,
வகுப்பில் எப்போதும் கடைசி வாங்கு.
அவருடைய விசாப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்.
முன்னர் சென்றதுண்டா?
"இல்லையெண்டு போடும்" என்றார்,
பேனை முனையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் நாள் மெட்ரோவில் தவறிப்போனோம்,
அவரும் நானும்.
லாரிஸாவின் மஞ்சள் குடை எந்தப் படியில் ஏறியதோ.
என் போனில் ஒரு கோடும் இல்லை.
பலகையெல்லாம்
கண்ணாடிக்குள் பார்த்த ஆங்கிலம்.
அவர் நிமிர்ந்தார்.
"வீஹத்," என்றார்,
"வெளியால போற வழி. வாரும்."

வெளியே பனி, சீமெந்துத் தூள் மாதிரி.
அவர் வழி கேட்கவில்லை.
இரண்டு சந்தி, ஒரு மருந்துக்கடை,
பச்சை பூசிய கட்டடம்.

"ஐஞ்சாம் மாடி. ரெண்டு அறை, இருபத்திரண்டு பேர்.
தொண்ணூற்றேழு.
ஏஜென்சிக்காரன் நாளைக்கு நாளைக்கு எண்டு பதினொரு மாசம்.
யன்னல் திரையை விலக்கப்படாது.
விலக்கினா எதிரில மெட்ரோ வாசல், அதில அந்தச் சொல்.
பாண் கொண்டுவாற பெடியன்தான் வாசிச்சுக் காட்டினவன்.
தலைக்கு நாலரை லட்சம், பாதி முற்பணம்.
என்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பினாங்கள்,
மற்றப் பாதி லாபம்."
வியாபாரி சிரிப்பு ஒன்று சிரித்தார்.

மூலையில் இருந்த பூக்கடையில்
விரலைக் காட்டி வாங்கினார்:
சிவப்புக் கார்னேஷன் இரண்டு.
நேற்றுப் படித்த பாடம் எனக்கு வாய் நிறைய இருந்தது.
"அண்ணை, ரெண்டு குடுக்கக்கூடாது. இரட்டைப்படை."

"தெரியும்."

படிக்கட்டின் ஓரத்தில் வைத்தார்.
குளிர் காதைப் பிடித்துத் திருகியது.
நான் யாரென்று கேட்கவில்லை.
அவர் தொப்பியைக் கழற்றவில்லை,
கும்பிடவுமில்லை,
மணிக்கூட்டைப் பார்த்து
"பஸ் போயிடும்" என்றார்.

இப்போது செலவுக் கணக்கு, இணைப்பு நான்கு.
பன்னிரண்டு ரோஜாவுக்குத் துண்டு இருக்கிறது.
மேலே ஆறு நிறுவனம் என்று அடித்திருக்கிறேன்,
ஏழென்று திருத்த
விரல் அந்த இலக்கத்துக்கு மேலே நிற்கிறது.

எடுத்துக் கேட்டேன்.
அங்கே கம்பி அறுக்கும் சத்தம்,
யாரோ அரை அங்குல ஆணி கேட்கிறார்கள்.
"அந்த ரெண்டு பூ, அண்ணை. முந்நூறு ரூபிள்.
குழுக் கணக்கில போடட்டோ?"

வாள் நின்றது.
"அது என்ர கணக்கு, பிள்ளை.
அதைப் போடாதையும்."
பிறகு ஆணிக்காரரிடம்,
"கால் கிலோ காணுமோ?"

லொறி ஒருவழியாய் நுழைந்துவிட்டது.